கண்ணாடிப் பெட்டியின் கடைசி இருக்கை

தன் கணவருக்கு இரண்டு குடும்பம் என்று நவமணி அடிக்கடி சொல்லிச் சிரிப்பாள். முதல் தடவை கேட்பவர்களுக்கு முகம் போகும் போக்கைப் பார்க்கவே அப்படிச் சொல்வாள். பிறகு அவளே அவர்களைப் பின்னறைக்குக் கூட்டிப் போய்க் காட்டுவாள். அறையை அடைத்துக்கொண்டு ஒரு மேசை, மேசையைச் சுற்றிக் குட்டித் தண்டவாளம், அதன்மேல் ஒரு ரயில், ரயிலின் வாலில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் அவரும் அவளும் மகனும் மகளும் உட்கார்ந்திருப்பார்கள்.

"இந்தக் குடும்பத்தத்தான் லா இவரு கண்ணும் கருத்துமா பாத்துக்கிறாரு," என்பாள்.

அவள் கணவர் சத்தியசீலன் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. தன் ஊரின் பத்தாங் பெர்ஜுந்தாய் என்ற பெயரை மாற்றி இத்தனை வருஷமாகியும் இன்னும் பெர்ஜுந்தாய் என்றே சொல்கிற தலைமுறை. எஸ்டேட்டில் பிறந்து, டவுனில் வரிசை வீடு வாங்கி, ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் மெஷின் பழுது பார்த்தவர். அங்கே வேலை செய்த ஜப்பான்கார இன்ஜினியர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது, மூட்டையைக் குறைக்க வேண்டி, ஒரு இன்ஜினும் மூன்று பெட்டிகளும் வைத்த அட்டைப்பெட்டியை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அது. குடி இல்லை, சீட்டு இல்லை, ரயில்தானே என்று நவமணியும் விட்டுவிட்டாள்.

கண்ணாடிப் பெட்டி கடையில் வாங்கியதல்ல. நிஜ ரயில்களில் சில நாடுகளில் கடைசியாக ஒரு பெட்டி மாட்டுவார்கள். அதன் பின்பக்கம் சுவருக்குப் பதில் முழுக்கக் கண்ணாடியாக இருக்கும். உள்ளே உட்கார்ந்து, ஓடி மறைகிற தண்டவாளத்தையும் காட்டையும் வேடிக்கை பார்த்துக்கொண்டே போகலாம். அதில் ஒன்று தன்னிடம் வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. சாதாரணப் பெட்டி ஒன்றை எடுத்து, பின்பக்கத்தை மெல்லிய வாளால் அறுத்தார். வளைந்த கண்ணாடிக்கு என்ன செய்வது என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டார். கடைசியில் கிடைத்தது நவமணியின் முறுக்கு டப்பா. அந்தத் தெளிந்த பிளாஸ்டிக்கை வெட்டி, சூடு காட்டி, மரக்கட்டையில் செதுக்கிய அச்சின்மேல் அழுத்தினால் அழகாக வளைந்து வந்தது. ஆறு டப்பா வீணாகி ஏழாவதுதான் சரியாக அமைந்தது. அந்தத் தீபாவளிக்கு முறுக்கைப் பிஸ்கட் டின்னில் கொட்டி வைத்தாள் நவமணி. வந்தவர்களிடமெல்லாம் காரணத்தையும் சொன்னாள்.

உள்ளே உட்கார வைக்கும் ஆட்களுக்குச் சட்டை, சேலை எல்லாம் அவரே பெயிண்ட் அடித்தார். அவருக்குக் காப்பிநிறச் சட்டை, நவமணிக்குப் பச்சைச் சேலை, மகன் செல்வாவுக்குச் சிவப்புக் கால்பந்து ஜெர்சி. மகள் விஷாலினிக்கு மஞ்சள் பஞ்சாபி உடை. யார் எங்கே உட்காருவது என்று கேட்டபோது விஷாலினி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"எனக்குக் கடைசி சீட்டுப்பா. நடுவுல. முன்னாடி யாரும் மறைக்கக் கூடாது."

அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது. ரவாங்கில் ஒரு ஃபேக்டரியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. வாரநாளில் அங்கேயே தோழிகளோடு வாடகை வீட்டில் தங்கிக்கொண்டு, சனிக்கிழமை வீட்டுக்கு வருவாள். அப்பா ஆட்களை ஒட்டுகிற விதம் அவளுக்கு அத்துப்படி. பசையை மட்டும் நம்ப மாட்டார் சத்தியசீலன். ஆளின் அடியில் ஊசிபோல் ஒரு கம்பியைச் சொருகி, இருக்கையில் அதே அளவுக்கு ஓட்டை போட்டு, கம்பியை அதில் இறக்கி, அதன் பிறகுதான் பசை வைப்பார். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கினாலும் ஒருவரும் அசைய மாட்டார்கள். ஓட்டை நேராக விழுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தவளே விஷாலினிதான்.

அவள் யுவனேஸ்வரனை விரும்பியதில் வீட்டில் யாருக்கும் வருத்தமில்லை. பையன் நல்லவன், ஜெராம் பக்கம், லோரி கம்பெனி ஒன்றில் அலுவலக வேலை. பெண் கேட்டு வந்து பேசியாகிவிட்டது. கோயில் கல்யாணத்துக்கு ஏழெட்டு மாதம் கழித்து நாள் பார்த்திருந்தார்கள். இந்த ஊரில் கல்யாணம் என்றால் இரண்டு தடவை. முதலில் அரசாங்க அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு ரெஜிஸ்டர் செய்வார்கள், பிறகு கோயிலில் தாலி. ரெஜிஸ்டர் அன்றைக்கும் பெற்றோர் நல்ல உடை உடுத்திக்கொண்டு கூடப் போய் நிற்பார்கள், படம் எடுப்பார்கள், வரும் வழியில் எல்லாருமாகச் சாப்பிடுவார்கள். விஷாலினியும் யுவனேஸ்வரனும் அதை அவசரமாகச் செய்ய வேண்டி வந்துவிட்டது. வீட்டுத் திட்டம் ஒன்றுக்கு விண்ணப்பிக்க ரெஜிஸ்டர் சான்றிதழ் வேண்டும், வெள்ளிக்கிழமையோடு கடைசி நாள் என்றார்கள். புதன்கிழமை இரண்டு நண்பர்களைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

சத்தியசீலனுக்கு இது தெரியவந்த இடம் முடிதிருத்தும் கடை. வெள்ளிக்கிழமை சாயங்காலம், கழுத்தில் துணி கட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த லிங்கேஸ்வரன் பழைய வேலையிடத்துச் சகா. சாட்சிக் கையெழுத்துப் போட்ட பையன்களில் ஒருவன் அவருடைய அக்காள் மகன்.

"என்னா சீலா, மகளுக்கு ரெஜிஸ்டர் முடிஞ்சிருச்சாமே. நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லல லா?"

சத்தியசீலன் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்தபடி, "ஆமா, அவசரமா வச்சிட்டோம்," என்று சமாளித்தார். கடையில் இருந்த நாலு பேரும் வாழ்த்துச் சொன்னார்கள். பாதி வெட்டிய தலையோடு வாழ்த்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மனிதர். வீட்டுக்கு வந்து, "உனக்குத் தெரியுமா?" என்று நவமணியிடம் ஒரு சத்தம் போட்டார். "தெரியாது," என்றாள் அவள்.

நேரே பின்னறைக்குப் போனார். பெட்டிக்கு இன்னும் கூரை போடவில்லை. இடுக்கியை எடுத்து, மஞ்சள் உடைக்காரியைப் பிடித்து, ஒரே இழுப்பில் பிடுங்கி எடுத்தார். கம்பியோடு வந்துவிட்டாள். அவளைத் திருகாணி டப்பாவுக்குள் போட்டு மூடினார்.

அதோடு விட்டிருந்தால்கூடக் கோபத்தில் செய்தது என்று போயிருக்கும். மறுநாள் காலையில் அந்த இருக்கையில் இருந்த ஓட்டை அவர் கண்ணை உறுத்தியது. முப்பத்தொரு வருஷம் ஒழுங்காக வேலை செய்த கை அல்லவா, சும்மா இருக்குமா? ஓட்டையில் புட்டிப் பசை வைத்து அடைத்தார். காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தார். அதே நீலத்தைக் கலந்து இரண்டு கோட்டிங் பெயிண்ட் அடித்தார். அந்த இருக்கையில் யாரும் எப்போதும் உட்கார்ந்ததே இல்லை என்பதுபோல் ஆக்கிவிட்டுத்தான் எழுந்தார்.

அன்று வீட்டுக்கு வந்த விஷாலினி மன்னிப்புக் கேட்டாள். அவர் பேப்பரை விரித்து முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டார். அடுத்தடுத்த வாரங்களிலும் அதேதான். கோயில் கல்யாணத்தில் செய்ய வேண்டிய சடங்கெல்லாம் குறையில்லாமல் செய்தார், மாப்பிள்ளை கையில் மகள் கையைப் பிடித்துக் கொடுத்தார். வாய் மட்டும் திறக்கவில்லை. பெண்ணை அனுப்புகிற வருத்தம் என்று வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

கோபம் ஒரு வருஷத்தில் கரைந்துவிட்டது. இரும்பைக் கட்டிக்கொண்டா திரிய முடியும்? மகள் போனில் அம்மாவிடம் பேசும்போது பக்கத்தில் வந்து நிற்பார், எதையோ தேடுகிற மாதிரி. ஆனால் பேசாமலிருந்த பழக்கத்தை எங்கிருந்து உடைப்பது என்று தெரியவில்லை. முதலில் மஞ்சள் உடைக்காரியை இருந்த இடத்தில் வைத்துவிடுவோம், பிறகு போன் செய்வோம் என்று தனக்குத்தானே ஒரு வரிசை போட்டுக்கொண்டார்.

இதற்குள் பெட்டிக்குக் கூரை போட்டாகிவிட்டது. உள்ளே விளக்கும் வைத்துவிட்டார். தண்டவாளத்து மின்சாரத்தைச் சக்கரத்திலிருந்து எடுத்து வர, பித்தளைத் தகடுகளைச் சக்கரத்தில் உரசும்படி வைக்க வேண்டும். அந்த உரசலால் கடைசிப் பெட்டி பின்னுக்கு இழுக்கும். இழுத்தால் வளைவில் நடுப் பெட்டிகள் உள்பக்கமாகச் சாய்ந்து விழும். ஜெராமில் தூண்டில் கடையில் ஈயக் குண்டு வாங்கி வந்து நடுப் பெட்டிகளில் கனம் ஏற்றி, தகட்டைத் தளர்த்தி, மறுபடி இறுக்கி, நாலு மாதப் போராட்டத்துக்குப் பிறகுதான் ரயில் விழாமல் ஓடத் தொடங்கியது. கூரையைத் திறந்தால் தலைமுடி கனமுள்ள வயர்கள் அறுந்துபோகும். ஓடுகிற பெட்டியில் கை வைக்கக் கூடாது என்பது ரயில் ஓட்டுகிறவர்களின் முதல் பாடம். அடுத்த வாரம் திறக்கலாம், அதற்கடுத்த வாரம் திறக்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனார். மகளைவிட வயர் பெரிதா என்று யாராவது அப்போது அவரைக் கேட்டிருந்தால், இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் திறக்கவில்லை.

கோலாசிலாங்கூரில் ஒரு மண்டபத்தில் பொழுதுபோக்குக் கண்காட்சி வந்தது. போன்சாய்ச் செடி ஒரு பக்கம், சண்டை மீன் ஒரு பக்கம், நடுவில் கிள்ளானிலிருந்து வந்த ரயில்காரர்களின் பெரிய மேசை. சத்தியசீலனின் ரயிலையும் அழைத்திருந்தார்கள். காலையிலிருந்து கண்ணாடிப் பெட்டிக்குத்தான் கூட்டம். விளக்கு வெளிச்சத்தில் உள்ளே இருக்கும் ஆட்கள் தெரிவதைப் பார்த்துப் பிள்ளைகள் கூவின. பெரியவர்கள் போனில் படம் பிடித்தார்கள். முறுக்கு டப்பா என்று சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. மனிதருக்கு அன்றைக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

பன்னிரண்டு மணி வாக்கில் வாசலைப் பார்த்தார். விஷாலினியும் யுவனேஸ்வரனும் வந்துகொண்டிருந்தார்கள். நவமணிதான் அவருக்குத் தெரியாமல் வரச் சொல்லியிருந்தாள். அத்தனை பேர் நடுவில் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார் என்பது அவள் கணக்கு.

கணக்கு சரிதான். மகளைப் பார்த்ததும் அவருக்கு, வந்துவிட்டாளே என்று அவ்வளவு சந்தோஷம். இன்றைக்குப் பேசிவிட வேண்டியதுதான் என்று மனசு துள்ளியது. ஒரு அடி எடுத்து வைத்த பிறகுதான் கடைசி இருக்கை நினைவுக்கு வந்தது.

விஷாலினி அதற்குள் வளைவுப் பக்கம் போய்க் குனிந்து நின்றுவிட்டாள். ரயில் அவளை நோக்கி வந்தது. பதற்றத்தில் அவர் கை ரயிலை ஓட்டும் குமிழைத் திருப்பிவிட, சரியாக அவள் முகத்துக்கு எதிரே கண்ணாடிப் பெட்டி நின்றது. ரயில் நின்றாலும் விளக்கு அணையக் கூடாது என்று அவரே யோசித்து வயரிங் செய்திருந்தார். அணைக்கத் தனியாக ஒரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கியிருக்கலாம். விரல் போகவில்லை. அமுக்கினால் திருட்டுத்தனம் இன்னும் அப்பட்டமாகத் தெரியுமே என்று நின்றுவிட்டார்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அவரிடம் வந்தாள்.

"நல்லா இருக்குப்பா. லைட்டு ரொம்ப அழகா வந்திருக்கு."

"ஆமாம்மா." ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு மகளிடம் அவர் பேசிய முதல் சொல் அதுதான்.

"நான் எங்கப்பா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கோபத்தில் எடுத்துட்டேன்மா, தப்பு என்று சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள், இவரும் அழுதிருப்பார், மண்டபமே வேடிக்கை பார்த்திருக்கும், எல்லாம் அதோடு சரியாகியிருக்கும். ஆனால் மனிதர் வாயிலிருந்து வந்தது வேறு.

"அது... பசை விட்டுப் போச்சும்மா. விழுந்திருச்சு. ஒட்டணும்."

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போய்விடவில்லை. மெல்ல மெல்லத்தான் போனது.

"விழுந்திருந்தா சீட்டுல ஓட்டை இருக்குமேப்பா. நீங்க கம்பி சொருகித்தானே வைப்பீங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள், பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று. "புட்டி போட்டு, தேச்சு, பெயிண்ட் அடிச்சிருக்கீங்க. பக்கத்து சீட்டெல்லாம் கொஞ்சம் மங்கியிருக்கு, அது மட்டும் புதுசா இருக்கு."

அவர் குமிழைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஃபினிஷிங் நல்லா இருக்குப்பா," என்றாள்.

யுவனேஸ்வரன் எல்லாருக்கும் குடிக்கத் தே ஆயிஸ், ஐஸ் போட்ட டீ, வாங்கி வந்தான். மாமா, அருமையா ஓடுது மாமா என்று மனதாரப் பாராட்டினான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. பத்து நிமிஷத்தில் இருவரும் கிளம்பிவிட்டார்கள். நவமணி வழியனுப்பப் போய்த் தனியாகத் திரும்பி வந்தாள்.

வீடு திரும்பும் வழியில் காரில் செம்பனைக் காட்டைத் தாண்டும்போது, முன்னே போன லோரியைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்.

"ரெஜிஸ்டருக்கு முந்தின சனிக்கிழம அவ உங்ககிட்ட சொல்லத்தான் வந்தா. மூணு தடவ வந்து கதவாண்ட நின்னா. நீங்க என்னா சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

அவருக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு வளைந்த கண்ணாடியைப் பெட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தார். சூப்பர் குளூ வைத்தால் அதன் புகை பட்டுக் கண்ணாடி வெண்மை பூத்துப்போகும் என்று, மெதுவாகக் காயும் பசையை வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையை எடுக்க முடியாது. மகள் வந்து, அப்பா ஒரு விஷயம் என்றாள். இரும்மா, கையை எடுத்தா போயிரும் என்றார். மறுபடி வந்தாள். இன்னும் காயலம்மா என்றார். மூன்றாம் தடவை அவள் ஏதாவது சொன்னாளா, சொல்லாமலே போனாளா என்பது அவருக்குத் தெரியவில்லை. தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

"ஞாயித்துக்கிழம பஸ் ஏறப் போறப்ப எங்கிட்ட சொன்னா. நான் அப்பாகிட்ட சொல்றேன், நீ போன்னு அனுப்பினேன். நல்ல நேரம் பாத்து சொல்லலாம்னு ஒவ்வொரு நாளா தள்ளிட்டேன். நீங்க சத்தம் போட்டதும் பயந்து, தெரியாதுன்னுட்டேன். அவளும் என்னக் காட்டிக்கொடுக்கல." நவமணி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அவ நம்மள ஒதுக்கிட்டு ஒண்ணும் செய்யலங்க."

திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை. வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் காரை நிறுத்தி, எண்ணெய் ஊற்றாமல், சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு ஓட்டினார்.

அன்றைக்கே கூரையைப் பிளந்தார். வயர் அறுந்தது, அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டார். பளபளப்பாக இருந்த அந்த இருக்கையில் மறுபடி ஓட்டை போட்டு மஞ்சள் உடைக்காரியை உட்கார வைத்தார். மறுநாள் மகளுக்குப் போன் செய்தார்.

"அம்மா சொன்னா. நீ சொல்ல வந்தியாமே. நான்தான்... நான் பொய்யும் சொல்லிட்டேன்."

"அது பழைய கதை லா பா. விடுங்க. சாப்பிட்டீங்களா?"

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இவ்வளவு நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டிருந்தால் பதில் சொல்லத் தயாராகத்தான் இருந்தார். அவள் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள், மாத்திரை மறக்காமல் போடச் சொன்னாள், மரியாதையாகப் போனை வைத்தாள்.

இப்போதெல்லாம் விஷாலினி வரத் தவறுவதில்லை. பொங்கலுக்கு வருகிறாள், அம்மாவின் பிறந்தநாளுக்குக் கேக் கொண்டு வருகிறாள். வந்தால் வீட்டில் ஒரு குறை இல்லை, சிரிப்பு இல்லாமல் இல்லை. போன தீபாவளிக்கும் இருவரும் வந்தார்கள். சத்தியசீலன் காத்திருந்து, பலகாரம் சாப்பிட்டு முடிந்ததும் பின்னறைக்குக் கூப்பிட்டு ரயிலை ஓட்டிக் காட்டினார். கடைசி இருக்கையில் அவள் இருந்தாள். பார்த்தாள், "அழகா இருக்குப்பா," என்றாள். குனிந்து பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து நவமணி பக்கத்து வீட்டுக்குப் பலகாரத் தட்டு கொண்டு போனாள். யுவனேஸ்வரன் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தான். சத்தியசீலன் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். விஷாலினி நாற்காலியிலிருந்து எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, சமையலறை வாசல்வரை போய் நின்றாள். உள்ளே போகவில்லை. திரும்பி அவரைப் பார்த்தாள்.

"அப்பா, ஐஸ்பெட்டியத் திறந்து கொஞ்சம் தண்ணி எடுத்துக்கட்டுமா?"

அவள் பிறந்து வளர்ந்த வீடு அது. அவள் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை, அப்படியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். வந்த இடத்தில் கேட்டுவிட்டு எடுப்பதுதானே முறை என்று, இயல்பாகத்தான் கேட்டாள்.

"எடுத்துக்கம்மா," என்றார். அவள், "தேங்க்ஸ்பா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.